விக்காவில் சடங்கும் மந்திரமும்: புதிதாக வருபவர் எங்கிருந்து தொடங்குவது?

விக்கா பற்றிய காணொளிகளைப் பார்த்து ஆர்வம் வந்திருக்கிறது, மெழுகுவர்த்தி, மூலிகை, வட்டம், நிலா என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள், இது நம் ஊர்ப் பில்லி சூனியம் மாதிரியா, முதலில் எந்த மந்திரத்தைக் கற்றுக்கொள்வது, குருவும் தீட்சையும் இல்லாமல் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பல வருடங்களாக இந்த வழியைப் படித்தும் பழகியும் வருகிறவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் எந்த மந்திரம் என்பதற்கு என் பதில்: எதுவும் வேண்டாம். சில மாதங்கள் சடங்கைத் திறக்கவும் மூடவும் மட்டும் பழகுங்கள். மந்திரத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பணம் வர ஒரு மந்திரம், வேலை கிடைக்க ஒரு மந்திரம் என்று தேடிச் சேர்க்கிறார்கள். இரண்டு மாதத்தில் எதுவும் நடக்கவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். அவர்கள் பழகாமல் விட்டது சடங்கைத்தான்.

பில்லி சூனியமா என்றால், இல்லை. விக்கா ஒரு மதம். இயற்கையையும் பருவங்களையும் நிலவையும் மையமாக வைத்து ஒரு தேவியையும் கொம்புள்ள ஒரு தேவனையும் வணங்குகிற, இங்கிலாந்தில் 20-ஆம் நூற்றாண்டில் உருவான புதிய மதம். 2021-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 13,000 பேர் தங்கள் மதம் விக்கா என்றும், சுமார் 74,000 பேர் பேகன் (கிறிஸ்தவத்துக்கு முந்தைய இயற்கை வழிபாட்டைப் பின்பற்றுபவர்) என்றும் எழுதினார்கள். இதில் மந்திர வேலை உண்டு. ஆனால் மந்திரமே செய்யாமல் பௌர்ணமிக்கும் பண்டிகைக்கும் சடங்கு மட்டும் செய்துகொண்டு வாழ்நாள் முழுக்க விக்கனாக இருப்பவர்களும் உண்டு.

இதன் பிறப்பைத் தெரிந்துகொண்டால் சடங்கு ஏன் இப்படி இருக்கிறது என்பது புரியும். ஜெரால்டு கார்ட்னர் (1884–1964) என்ற ஆங்கிலேயர் இளம் வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தார். பிறகு போர்னியோ, மலாயா என்று போய், மலாயாவில் சுங்கத்துறையில் இருந்து 1936-இல் ஓய்வு பெற்றார். மலாய்க்காரர்களின் கிரிஸ் கத்தி பற்றி ஒரு நூலே எழுதியவர். ஊர் திரும்பியதும், 1939-இல் தெற்கு இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் பகுதியில் ஒரு ரகசியக் குழுவில் தீட்சை பெற்றதாகச் சொன்னார். மந்திர வித்தை தொடர்பான 1735-ஆம் ஆண்டுச் சட்டம் 1951-இல் நீக்கப்பட்டது. 1954-இல் அவர் வெளிப்படையாக நூல் எழுதினார். அதன் பிறகுதான் வெளியுலகம் இந்த மதத்தைப் பரவலாக அறிந்தது.

இது கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஐரோப்பாவிலிருந்து அறுபடாமல் வந்த மதம் என்று கார்ட்னர் நம்பினார். மார்கரெட் மர்ரே என்ற எகிப்தியல் ஆய்வாளர் 1921-இல் முன்வைத்த கருத்து அது. வரலாற்று ஆய்வாளர்கள் இன்று அதை ஏற்பதில்லை. சூனியக்காரிகள் என்று பட்டம் கட்டி ஐரோப்பாவில் கொல்லப்பட்டவர்கள் சுமார் 40,000 முதல் 60,000 பேர் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. அவர்கள் ஒரு ரகசிய மதத்தின் தியாகிகள் இல்லை. அக்கம்பக்கத்துப் பகையாலும் பயத்தாலும் மாட்டிக்கொண்ட சாதாரண மக்கள், பெரும்பாலும் கிறிஸ்தவர்களாகவே வாழ்ந்தவர்கள். தொண்ணூறு லட்சம் விக்கர்களை எரித்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு மதம் நூறு வருடம்கூட ஆகாதது என்பதால் அதன் சடங்கு பொய்யாகிவிடாது. ஆனால் வயதைப் பற்றிப் பொய் சொல்லிக்கொண்டு அதைச் செய்யக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

சடங்கின் துண்டுகள் பல இடங்களிலிருந்து வந்தவை. 1888-இல் லண்டனில் தொடங்கிய கோல்டன் டான் என்ற மந்திரவியல் சங்கம், அதன் உறுப்பினராக இருந்த அலிஸ்டர் குரோலியின் எழுத்துகள், சாலமோன் பெயரில் வழங்கும் பழைய மந்திர ஏடுகள், ஃப்ரீமேசன்கள் என்ற சகோதரத்துவச் சங்கத்தாரின் தீட்சை முறை எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. 1953-இல் கார்ட்னரிடம் தீட்சை பெற்ற டோரின் வேலியன்ட் (1922–1999), ஓதப்படும் வரிகளில் பல குரோலியுடையவை என்று கண்டுபிடித்து, அவற்றில் பெரும்பகுதியைத் தன் சொற்களில் திருத்தி எழுதினார். இன்று பல நாடுகளில் சடங்கின்போது வாசிக்கப்படும் 'தேவியின் வாக்கு' அவர் கையில் வடிவம் பெற்றதுதான். விக்காவை ஒரு மதமாக நிற்க வைத்ததில் கார்ட்னருக்கு இருக்கும் பங்கு அவருக்கும் உண்டு என்பேன்.

இதில் ஒரு தமிழ்த் தொடர்பும் இருக்கிறது. கோல்டன் டானைச் சேர்ந்த ஆலன் பென்னட் 1900-இல் இலங்கைக்குப் போய், அப்போது சொலிசிட்டர் ஜெனரலாக இருந்த பொன்னம்பலம் இராமநாதனிடம் யோகம் பயின்றார். 1901-இல் குரோலி அங்கே வந்து சேர, இருவரும் கண்டியில் தங்கிப் பயிற்சி செய்தார்கள். மூச்சை நிலைப்படுத்துவது, ஒரே உருவத்தில் மனத்தை நிறுத்துவது போன்றவற்றைக் குரோலி மந்திரப் பயிற்சியின் அடித்தளமாக எழுதியதற்குப் பின்னால் இந்த இலங்கைப் பயிற்சியும் இருக்கிறது.

சரி, சடங்குக்கு வருவோம். ஒரு சாதாரண விக்கா சடங்கின் வரிசை இது: இடத்தைச் சுத்தம் செய்வது, வட்டம் போடுவது, நான்கு திசைகளை அழைப்பது, தேவியையும் தேவனையும் வேண்டுவது, அன்றைய வேலை, அப்பமும் பானமும் பகிர்வது, எல்லோருக்கும் நன்றி சொல்லி வழியனுப்புவது, வட்டத்தைக் கலைப்பது. பௌர்ணமி என்றாலும் பண்டிகை என்றாலும் இதே சட்டகம்தான். மந்திரம் செய்வதாக இருந்தால் நடுவில், 'அன்றைய வேலை' என்ற இடத்தில் வரும். எட்டில் ஒரு படி.

தனியாக வீட்டில் செய்வதை வைத்து விளக்குகிறேன். அறையைக் கூட்டித் துடையுங்கள். கைபேசியை அணைத்து வேறு அறையில் வையுங்கள். ஒரு சின்ன மேசையில் கிண்ணத்தில் தண்ணீர், தட்டில் கொஞ்சம் உப்பு, ஊதுவத்தி, ஒரு விளக்கு அல்லது மெழுகுவர்த்தி. திசைகாட்டி வைத்துக் கிழக்கைச் சரியாகக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். மூன்று சிட்டிகை உப்பைத் தண்ணீரில் போட்டு விரலால் கலக்குங்கள். அதைத் தெளித்தபடி கிழக்கில் தொடங்கி வலமாக (கடிகார முள் சுழலும் திசையில்) ஒரு சுற்று நடந்து கிழக்குக்கே வாருங்கள். உப்பு நிலத்துக்கு, தண்ணீர் நீருக்கு. அடுத்து ஊதுவத்தியை ஏந்தி ஒரு சுற்று. அது நெருப்புக்கும் காற்றுக்கும். மூன்றாவது சுற்றில் கையை நீட்டி, விரல் நுனியிலிருந்து ஓர் ஒளிக்கோடு தரையை ஒட்டி ஓடி வருவதாக மனக்கண்ணில் பார்த்துக்கொண்டே நடங்கள். கோட்டின் இரண்டு முனைகளும் சேருகிற இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

மரபுக் குழுக்களில் இந்த மூன்றாவது சுற்றுக்கு அத்தமே என்ற கறுப்புப் பிடி போட்ட கத்தியைப் பயன்படுத்துவார்கள். அது எதையும் வெட்டுவதற்கு இல்லை. வட்டத்தின் குறுக்களவு ஒன்பது அடி என்பது பழைய கணக்கு. நம் வீட்டு அறைகளில் அது நடக்காது, ஆறடி கிடைத்தாலே போதும். கோல், கிண்ணம், ஐங்கோண நட்சத்திரம் பொறித்த தட்டு, துடைப்பம், கொப்பரை என்று கருவிப் பட்டியல் நீளம். ஆரம்பத்தில் எதையும் காசு கொடுத்து வாங்காதீர்கள். சமையலறையில் இருக்கும் கிண்ணமும் தட்டும் போதும். ஆனால் இதற்கென்று தனியாக ஒதுக்கி வையுங்கள்.

வட்டம் எதற்கு என்று பலரும் கேட்பார்கள். பழைய ஐரோப்பிய மந்திரவாதிகள் ஆவிகளை அழைக்கும்போது அவற்றிடமிருந்து தங்களைக் காத்துக்கொள்ள வட்டத்துக்குள் நின்றார்கள். விக்காவில் வட்டத்தின் முதல் வேலை வேறு. உள்ளே எழுப்புகிற சக்தி சிதறாமல் பிடித்து வைப்பதுதான் அது என்று கார்ட்னர் எழுதியிருக்கிறார். அந்த நம்பிக்கை உங்களுக்கு இல்லை என்றாலும் ஒன்றைப் பார்ப்பீர்கள். கோட்டுக்கு உள்ளே நின்றுகொண்டு நாளைய வேலையை நினைப்பது கடினம். இருபது முறை போட்ட பிறகு, உப்புத் தண்ணீர் விரலில் பட்டதுமே மூச்சு தானாக மெதுவாகிவிடும். உடம்பு கற்றுக்கொள்கிற விஷயம் இது, படித்தால் வராது.

அடுத்தது திசைகள். கிழக்கு காற்று, தெற்கு நெருப்பு, மேற்கு நீர், வடக்கு நிலம் என்பது கோல்டன் டான் பரப்பிய வரிசை. ஒவ்வொரு திசையையும் பார்த்து நின்று, அந்த இயற்கைப் பூதத்தை உங்கள் சொந்த வார்த்தைகளில் வரவேற்கலாம். கார்ட்னர் மரபில் இவற்றைக் காவல் கோபுரங்கள் என்பார்கள். 16-ஆம் நூற்றாண்டில் ஜான் டீ என்ற ஆங்கில மந்திரவியல் அறிஞர் எழுதி வைத்ததிலிருந்து கோல்டன் டான் வழியாக வந்த பெயர் அது. ஜபத்துக்கு முன்னால் திக்பந்தனம் (திசைகளைக் கட்டுவது) செய்து முடிவில் திக்விமோகம் (அந்தக் கட்டை அவிழ்ப்பது) சொல்வதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த அமைப்பு அந்நியமாகத் தோன்றாது. ஆஸ்திரேலியாவில் பலர் நெருப்பை வடக்கில் வைத்து, வட்டத்தை இடமாக (கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில்) சுற்றுகிறார்கள், ஏனென்றால் அங்கே சூரியன் வடக்கு வானத்தில்தான் போகிறது. உங்கள் வானத்தைப் பார்த்து உங்கள் சடங்கை அமையுங்கள்.

மூடுவதைத்தான் புதியவர்கள் அவசரப்படுத்துவார்கள். வேலை முடிந்ததும் ஏதாவது சாப்பிட வேண்டும். அதற்குத்தான் அப்பமும் பானமும். ஒரு பிஸ்கட்டும் மோரும் போதும். முதல் வாய் சாப்பிடும் முன் கொஞ்சம் எடுத்து நிலத்துக்கென்று வைத்துவிடுங்கள். பிறகு அழைத்தவர்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி. இடமாக ஒரு சுற்று நடந்து கோட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கைகளைத் தரையில் அழுத்தி, மிச்சமிருக்கும் படபடப்பு மண்ணுக்குள் இறங்குவதாக நினையுங்கள். இதை விட்டவர்கள் அன்று இரவு தூக்கம் வரவில்லை, தலை பாரமாக இருக்கிறது, எரிச்சலாக வருகிறது என்று வந்து சொல்வதை நிறையக் கேட்டிருக்கிறேன்.

இப்போது மந்திரம். மனிதவியலாளர் ஜேம்ஸ் ஃபிரேசர் 1890-இல் முதலில் வெளியிட்டுப் பிறகு விரிவாக்கிய பெருநூலில் மந்திர வேலைகளின் பின்னால் இரண்டு விதிகள் இருப்பதாகச் சொன்னார். ஒன்று, ஒத்தது ஒத்ததை உண்டாக்கும். இரண்டு, ஒருமுறை ஒட்டியிருந்தவை பிரிந்த பிறகும் ஒன்றையொன்று பாதிக்கும். துணிப்பொம்மை, நிறம், மூலிகை எல்லாம் முதல் விதி. தலைமுடி, கையெழுத்து, உடுத்திய துணி எல்லாம் இரண்டாவது. ஃபிரேசர் இவற்றைப் பிழையான சிந்தனை என்று காட்டத்தான் எழுதினார். இன்றைய விக்கர்கள் அதே விதிகளைக் கையேடாக எடுத்துக்கொண்டார்கள்.

எல்லாவற்றிலும் எளிதானது மெழுகுவர்த்தி வேலை. இன்று செய்யும் முறையில் பெரும்பகுதி, எண்ணெய் பூசுவது, பெயர் எழுதுவது எல்லாம், அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஹூடூ மரபுக்குக் கடன்பட்டது. அதைச் சொல்லாமல் பயன்படுத்துவது நியாயமில்லை. முதலில் என்ன வேண்டும் என்று ஒரு வாக்கியம் எழுத வேண்டும். இதில்தான் முக்கால்வாசி நேரம் போகும், போகவும் வேண்டும். 'எனக்கு நல்லது நடக்கட்டும்' என்பது வாக்கியமே இல்லை. 'நல்ல வேலை' என்பதும் போதாது. எந்த ஊரில், எவ்வளவு சம்பளத்தில், எந்த மாதிரி வேலை? 'வெள்ளிக்கிழமை நேர்காணலில் நாக்கு ஒட்டாமல் தெளிவாகப் பேசுகிறேன்' என்பது ஒரு வாக்கியம். அதை எழுதும்போதே உங்களுக்கு உண்மையில் பயம் எதில் என்று தெரிந்துவிடும்.

அந்த வாக்கியத்திலிருந்து ஒரே ஒரு சொல்லை எடுத்து, ஊசியால் மெழுகுவர்த்தியில் கீறுங்கள். 'தெளிவு' என்று வைத்துக்கொள்வோம். மெல்ல, எழுத்து எழுத்தாக. மெழுகுத் தூள் விரலில் ஒட்டும், ஊசி வழுக்கும், 'ளி'யின் சுழி பிசகும். அந்தச் சிரமம் தேவை, கவனம் முழுக்க அந்த ஒரு சொல்லில் வந்து நிற்கும். இரண்டு சொட்டு எண்ணெயை முனைகளிலிருந்து நடுவை நோக்கித் தடவுவார்கள், வேண்டியது வரட்டும் என்று. விலக்க வேண்டியதற்கு நடுவிலிருந்து முனைகளுக்கு. ஏற்றி வைத்து, சுடரைப் பார்த்தபடி, நேர்காணல் அறையில் நீங்கள் பேசிக்கொண்டிருப்பதைக் கண்முன் கொண்டுவாருங்கள், எதிரில் இருப்பவரின் முகம், மேசை, உங்கள் குரல் உட்பட. மெழுகுவர்த்தி முழுக்க எரிந்து முடிய வேண்டும், நீங்கள் உடன் இருக்க வேண்டும். அதனால் பிறந்தநாள் கேக்கில் வைக்கும் அளவு சின்னதை எடுங்கள். நான்கு அங்குல மெல்லிய மெழுகுவர்த்தியே ஒன்றரை, இரண்டு மணி நேரம் எரியும். முடிந்ததும் சடங்கை மூடிவிட்டு, அன்றே நேர்காணலுக்கான பதில்களை உரக்கச் சொல்லிப் பழகுங்கள். மந்திரம் செய்துவிட்டு விண்ணப்பம் அனுப்பாதவருக்கு எந்தத் தேவியும் வழி காட்ட மாட்டாள்.

எழுத்தை வைத்துச் செய்யும் இன்னொரு வகை சிகில். ஆஸ்டின் ஆஸ்மன் ஸ்பேர் (1886–1956) என்ற லண்டன் ஓவியர் கொண்டுவந்தது. 1970-களின் கடைசியில் கேயாஸ் மேஜிக் என்ற போக்கு அதைப் பரப்பியது. விக்காவுக்கு வெளியே பிறந்தாலும் விக்கர்கள் பலர் பயன்படுத்துகிறார்கள். தமிழிலும் அருமையாக வரும். 'நான் பயமின்றிப் பேசுகிறேன்' என்று எழுதிக்கொள்ளுங்கள். உயிர்க்குறிகளையும் புள்ளிகளையும் விட்டு, திரும்ப வரும் எழுத்துகளை நீக்கினால் ந, ன, ப, ய, ம, ற, ச, க என்று எட்டு மிஞ்சும். இவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக, கோடுகளைப் பகிர்ந்தபடி வரைந்து, வாசிக்க முடியாத ஒரே உருவமாகச் சுருக்குங்கள். பயத்தின் 'ப'வும் 'ம'வும் 'ய'வும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும், பாருங்கள். அதை உற்றுப் பார்த்து மனத்தில் பதித்து, தாளை எரித்துவிட்டு மறந்துவிட வேண்டும் என்பது ஸ்பேர் வழி. முடிச்சு மந்திரம், மூலிகைப் பொட்டலம் எல்லாம் இதே தர்க்கத்தில்தான் வரும்.

இதெல்லாம் பலிக்குமா என்பது நியாயமான கேள்வி. மனிதவியலாளர் மாலினோவ்ஸ்கி முதல் உலகப் போர்க் காலத்தில் பப்புவா நியூ கினியை ஒட்டிய டிரோபிரியண்ட் தீவுகளில் இருந்தபோது ஒன்றைக் கவனித்தார். காயலில் மீன்பிடிப்பு நிச்சயமானது, ஆபத்தில்லாதது. அங்கே மந்திரமே கிடையாது. ஆழ்கடலுக்குப் போகும்போது மட்டும் விரிவான மந்திரச் சடங்குகள் நடந்தன. ஆனால் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் படகைச் சரியாகக் கட்டுவதை விட்டுவிடவில்லை. என் நம்பிக்கையும் இதை ஒட்டித்தான். கைத்திறமை எட்டும் வரை கைத்திறமை. அதற்கு அப்பால் நடுங்காமல் நிற்கச் சடங்கு. காய்ச்சலுக்கும் கடனுக்கும் மன அழுத்தத்துக்கும் முதலில் மருத்துவரிடமும் வங்கியிலும் ஆலோசகரிடமும் போங்கள்.

அறம் பற்றி விக்காவில் ஒரே ஒரு வரி: யாருக்கும் தீங்கில்லையென்றால் விரும்பியதைச் செய். செய்தது மூன்று மடங்காகத் திரும்பும் என்றும் பலர் நம்புகிறார்கள். நடைமுறையில் இதன் பொருள், குறிப்பிட்ட ஒருவரை மயக்க மந்திரம் செய்யாதீர்கள். அது வசியம், அடுத்தவர் விருப்பத்தின் மேல் கை வைப்பது. நோய் தீர வேண்டிச் செய்வதாக இருந்தாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஆபத்து இருப்பது ஆவிகளிடம் என்பதைவிடத் தீயிலும் இலையிலும் என்பேன். உலோகத் தட்டின் மேல் ஏற்றுங்கள், திரைச்சீலையைக் கட்டி வையுங்கள், தாவணியும் துப்பட்டாவும் வேண்டாம். பழைய நூல்களில் வரும் பெல்லடோனா என்ற செடி கொடிய விஷம். பென்னிராயல் என்ற மூலிகையின் எண்ணெய் உள்ளே போனால் கல்லீரலைக் கெடுக்கும். டீ ட்ரீ எண்ணெய் பூனைக்கு நஞ்சு. புகை போட எரிக்கும் வெள்ளை சேஜ் இலைக் கட்டு அமெரிக்கப் பூர்வகுடிகளின் புனிதப் பொருள், காட்டிலிருந்து அளவுக்கு மீறிப் பறிக்கப்படுவது. சாம்பிராணி இருக்கும்போது அது நமக்கு எதற்கு?

நாள்கள்: பௌர்ணமி, அதோடு வருடத்துக்கு எட்டுப் பண்டிகைகள். அக்டோபர் 31-இல் இறந்தவர்களை நினைக்கும் 'சௌவின்' (Samhain) என்ற பண்டிகை அவற்றில் பெரியது. மற்றவை அயன நாள்களும் (சூரியன் திசை திரும்பும் நாள்கள்), விஷுவ நாள்களும் (பகலும் இரவும் சமமாகும் நாள்கள்), அவற்றின் இடைநாள்களும். முதல் வருடம் பௌர்ணமிகளை மட்டும் தவறாமல் பிடியுங்கள்.

குரு, தீட்சை. கார்ட்னர் மரபிலும் அலெக்ஸ் சாண்டர்ஸ் தொடங்கிய அலெக்ஸாண்டிரியன் மரபிலும் தீட்சை இல்லாமல் உள்ளே போக முடியாது. மூன்று படிநிலைகள் உண்டு, கேட்டதும் கொடுத்துவிட மாட்டார்கள், ஒரு வருடமும் ஒரு நாளும் காத்திருக்கச் சொல்வது வழக்கம். ஆனால் 1988-இல் ஸ்காட் கன்னிங்ஹாம் தனியாகச் செய்பவர்களுக்கென்றே ஒரு கையேடு எழுதிய பிறகு, தன்னந்தனியாகச் செய்வது எங்கும் சாதாரணமாகிவிட்டது. நீங்கள் அப்படித் தொடங்கலாம். ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, தேதி, நிலா, என்ன செய்தீர்கள், என்ன தோன்றியது, பிறகு என்ன நடந்தது என்று எழுதி வாருங்கள். நடக்காததையும் எழுதுங்கள்.

பிறகு ஒரு குழுவைச் சந்திக்கிற வாய்ப்பு வந்தால் சிலவற்றைப் பாருங்கள். இந்த இரண்டு மரபுகளிலும் தீட்சைக்குப் பணம் வாங்குவதில்லை என்பது பழைய விதி, ஆகவே கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த மரபுகளில் ஆடையில்லாமல் சடங்கு செய்யும் வழக்கம் உண்மையிலேயே உண்டு. நேர்மையான குழு அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடும், மறுத்தால் வற்புறுத்தாது. தீட்சைக்கு உடலுறவு தேவை என்று யார் சொன்னாலும், எந்தப் பெயரில் சொன்னாலும், அங்கே நிற்காதீர்கள். உங்களுக்கு ஒரு சாபம் இருக்கிறது, அதை நான்தான் எடுக்க முடியும் என்று தொடங்குகிறவரிடமும் அப்படியே. முதல் சந்திப்பைக் காபிக் கடை மாதிரி பொது இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நண்பரைக் கூட்டிப் போங்கள். அவர்களிடம் கற்றுவிட்டு விலகிப் போனவர்கள் யாரிடமாவது பேச முடியுமா என்று கேளுங்கள். பேச வைப்பார்கள் என்றால் நல்ல அறிகுறி.